பாளையம்பட்டிக் கேடயமும் இந்தூர் வெற்றியும்

பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில், அருப்புக்கோட்டையைச் சுற்றி இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று பாலவநத்தம். மற்றொன்று பாளையம்பட்டி. இலக்கிய வாசகர்களுக்கு முதல் ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் பாலவநத்தம் ஜமீன்தார். இரண்டாவது ஊரின் பெயரைச் சென்னையில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் அறிவார்கள். சென்னை லீக் ஆட்டங்களின் முதல் டிவிஷன் கேடயம் பாளையம்பட்டி ராஜாவின் பெயரைத் தாங்கியது. ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுக்கப் பணம் கொடுத்ததும், மட்டையும் பந்தும் கொண்டு ஆடியவர்களுக்குக் கேடயம் கொடுத்ததும் ஒரே வகைக் கைகள்தாம். சேதுபதிகளின் சீமையில் புரவலர் மரபு என்பது புலவருக்குப் பொற்கிழி அளிப்பதோடு நின்றுவிடவில்லை.

இந்த மரபு முடிவுக்கு வந்த காலத்தில்தான் சென்னை மாகாண அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. 1954-55ஆம் ஆண்டுப் பருவம் அது. 1983ஐயும் 2011ஐயும் நாள், நேரத்தோடு நினைவில் வைத்திருக்கும் நாம், இந்தப் பருவத்தை ஏறக்குறைய மறந்துவிட்டோம். அதைச் சற்று நினைவுகூர்வது நல்லது. அது வெறும் விளையாட்டுச் செய்தி அல்ல. ஒரு சமூக மாற்றத்தின் அடையாளமும் கூட.

ரஞ்சிக் கோப்பையே ஓர் அரசரின் கொடை. நவாநகர் அரசரான ரஞ்சித்சிங்கின் பெயரால் அதனை அளித்தவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அப்போட்டியின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்தது. ஒரே நாளில் முடிந்துபோன விசித்திரமான ஆட்டம். மைசூர் 48, 59, சென்னை 130. ஓர் இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் கூடுதலாகப் பெற்றுச் சென்னை வென்றது. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஏ.ஜி. ராம்சிங். அமிர்தசரஸில் பிறந்து சென்னையைத் தன் ஊராக்கிக்கொண்ட சீக்கியர். இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அப்படிப் பெருமிதமாகத் தொடங்கிய சென்னைக்குக் கோப்பை மட்டும் கைகூடவில்லை. 1935-36இல் டெல்லியில் நடந்த இறுதியாட்டத்தில் பம்பாயிடம் தோல்வி. 1940-41இல் சொந்த மண்ணாகிய சேப்பாக்கத்திலேயே மகாராஷ்டிரத்திடம் தோல்வி. அதன்பின் பதினான்கு ஆண்டுகள் இறுதியாட்டத்தின் வாசலையே சென்னை மிதிக்கவில்லை.

அக்காலத்தில் ரஞ்சிக் கோப்பையின் நடு மண்டபத்தில் வீற்றிருந்த அணி ஹோல்கர். இந்தூர் மன்னர் குடும்பத்தின் அணி. சி.கே. நாயுடுவை 1923இலேயே வரவழைத்துத் தம் படையில் பதவி கொடுத்து வைத்துக்கொண்டது இந்தூர் அரண்மனை. 'கர்னல்' என்ற அடைமொழி அவருக்கு அப்படி வந்ததுதான். முஷ்டாக் அலி, சர்வட்டே, ஹீராலால் கெய்க்வாட் என்று ஒரு பெரும்படையே அங்கே திரண்டிருந்தது. 1944-45 முதல் 1954-55 வரையிலான பதினோரு பருவங்களில் பத்து முறை ஹோல்கர் இறுதியாட்டத்துக்கு வந்தது. நான்கு முறை வென்றது. 1945-46இல் மைசூருக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் இழப்புக்கு 912 ஓட்டங்கள் குவித்தது. அந்த இன்னிங்ஸில் ஆறு பேர் சதமடித்தார்கள். போர்க்காலத்தில் இந்தியாவில் இருந்த இங்கிலாந்து ஆட்டக்காரர் டெனிஸ் காம்ப்டன்கூட 1944-45 இறுதியாட்டத்தில் ஹோல்கருக்காக ஆடி, ஆட்டமிழக்காமல் 249 எடுத்தார்.

சென்னைக்கு இப்படிப்பட்ட அரண்மனை கிடையாது. இங்கே கிரிக்கெட் இரண்டு ஊற்றுகளிலிருந்து பெருகியது. ஒன்று, 1846இல் வெள்ளையர்கள் தமக்கென்று தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். மற்றொன்று, அதற்குப் பதிலாக இந்தியர்களுக்கென்று புச்சிபாபு நாயுடு 1888இல் தொடங்கிய மெட்ராஸ் யுனைடெட் கிளப். புச்சிபாபு 1908இல் மறைந்தார். பொங்கலையொட்டி ஆண்டுதோறும் நடந்த ஐரோப்பியர் - இந்தியர் ஆட்டம் இவ்விரு மரபுகளும் மோதிக்கொண்ட களம். பாளையம்பட்டி ராஜா போன்ற தென்சீமைப் பிரபுக்கள் கேடயம் வழங்கினார்கள். ஆட்களை வாங்கி அணி அமைக்கவில்லை. சென்னை அணி என்பது பெரும்பாலும் கல்லூரிகளிலும் கம்பெனிகளிலும் இருந்து வந்தவர்களின் அணி. நடுத்தர வர்க்கத்தின் அணி என்று சொன்னால் தவறாகாது.

1954-55 பருவத்தில் இவ்வணிக்குத் தலைவராக இருந்தவர் பாலு அழகண்ணன். பிற்காலத்தில் வானொலி நேர்முக வர்ணனையாளராகவே பலருக்கும் அறிமுகமானவர். சி.டி. கோபிநாத் போன்ற டெஸ்ட் ஆட்டக்காரர் அணியில் இருந்தார். எனினும் அந்தப் பருவத்தின் நாயகன் இருபத்தொரு வயது இளைஞன் ஒருவன்: ஏ.ஜி. கிருபால் சிங். ராம்சிங்கின் மகன்.

கிருபாலின் அப்பருவக் கணக்கு இது. திருவாங்கூர் - கொச்சி அணிக்கு எதிராக 208 ஓட்டங்கள். அதே ஆட்டத்தில் 18 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள். அரையிறுதியில் வங்காளத்துக்கு எதிராக 98, 97. இறுதியாட்டத்தில் 75, 91. கூடவே ஏழு விக்கெட்டுகள். பருவம் முழுமைக்கும் 636 ஓட்டங்கள், 13 விக்கெட்டுகள்.

இந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அரையிறுதி, இறுதி ஆகிய இரண்டு பெரிய ஆட்டங்களில் நான்கு இன்னிங்ஸ். ஒன்றிலும் சதம் இல்லை. மூன்று முறை தொண்ணூறுகளில் ஆட்டமிழந்திருக்கிறார். புள்ளிவிவர ஏடுகள் சதங்களை மட்டுமே தடித்த எழுத்தில் அச்சிடும். ஆனால் அந்நான்கு இன்னிங்ஸிலும் சேர்ந்த 361 ஓட்டங்கள் இல்லையென்றால் கோப்பையும் இல்லை. கிரிக்கெட்டில் பெருமை ஓரிடத்திலும் பயன் வேறோரிடத்திலும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இறுதியாட்டம் இந்தூரில் நடந்தது. அதாவது, எதிராளியின் முற்றத்தில். முதல் இன்னிங்ஸில் சென்னை 478, ஹோல்கர் 417. முன்னிலை 61 ஓட்டங்கள். இரண்டாம் இன்னிங்ஸில் சென்னை 311. ஹோல்கர் வெற்றிபெற 373 வேண்டும். உள்ளூர் ஆடுகளம், பழகிய கூட்டம், பத்து இறுதியாட்டங்களின் அனுபவம். எட்டமுடியாத இலக்கு என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஹோல்கர் 326 வரை வந்தது. 46 ஓட்டங்களில் சென்னை வென்றது. இரு அணிகளும் சேர்ந்து 1,532 ஓட்டங்கள் எடுத்த ஆட்டத்தில் 46 என்பது மயிரிழை. தந்தையின் காலத்தில் இருமுறை நழுவிய கோப்பை மகனின் காலத்தில் வந்து சேர்ந்தது.

இனி, இதன் மறுபக்கம். தோற்ற ஹோல்கர் அணி அதன்பின் ரஞ்சிக் கோப்பையில் அந்தப் பெயரில் ஆடவே இல்லை. இந்தூர் சமஸ்தானம் 1948இலேயே மத்திய பாரதத்தில் கரைந்துவிட்டிருந்தது. அணி மட்டும் அரசரின் பெயரைத் தாங்கிச் சில ஆண்டுகள் நீடித்தது. அடுத்த பருவத்தில் அது மத்திய பாரத அணி. பின்னர் மத்தியப் பிரதேச அணி. அந்த மண்ணுக்கு அடுத்த கோப்பை 2022இல்தான் கிடைத்தது.

இதே காலத்தில் நம் சீமையில் நடந்ததும் இதற்கு இணையானதே. 1948இல் சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. இராமநாதபுரம் ஜமீன் அரசின் கைக்குப் போயிற்று. விவேகானந்தரை ஆதரித்த பாஸ்கர சேதுபதியின் வழிவந்த சண்முக ராஜேஸ்வர சேதுபதி 1952 தேர்தலில் வாக்குக் கேட்டு வென்று, ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜரோ அதே மாவட்டத்தின் விருதுநகர்க்காரர். எந்த ஜமீனின் வாரிசும் அல்லர். அவர் பதவியேற்ற ஆண்டில் தொடங்கிய பருவத்தில்தான் அரண்மனையற்ற ஓர் அணி அரண்மனை அணியை வென்றது. ஒன்றுக்கொன்று காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே காற்றில் நடந்தவை என்றே சொல்கிறேன்.

ஆனால் அரசர்கள் போனதும் சென்னை ஆண்டது என்று எண்ணிவிட வேண்டாம். அந்த வெற்றிடத்தை நிரப்பியது பம்பாய். 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து பதினைந்து முறை கோப்பை அங்கேயே தங்கியது. சமஸ்தானத்தின் இடத்தைப் பெருநகரம் எடுத்துக்கொண்டது. வங்கிகளும் ஆலைகளும் புதிய புரவலர்கள் ஆயின. 1970களில் தமிழ்நாடு என்று பெயர் மாறிய நம் அணி, எஸ். வாசுதேவன் தலைமையில் இரயில்வேயை வென்று இரண்டாவது கோப்பையைப் பெற்றது 1987-88இல். இடையில் முப்பத்து மூன்று ஆண்டுகள். அதற்குப்பின் பலமுறை இறுதியாட்டம் வரை போய்த் திரும்பியிருக்கிறது.

கிருபால் சிங் அதே 1955 நவம்பரில் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிரான தன் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 எடுத்தார். மொத்தம் பதினான்கு டெஸ்டுகள். வேறு சதம் இல்லை. 1987இல் ஐம்பத்து மூன்று வயதில் காலமானார். சில மாதங்களில் தமிழ்நாடு இரண்டாம் முறை கோப்பையை ஏந்தியதைக் காண அவர் இல்லை.

பாலவநத்தத்தாரின் சங்கம் பதிப்பித்த நூல்களை நாம் இன்றும் புரட்டுகிறோம். அதற்கு ஈடாக, 1955இன் அந்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பதிவு வேண்டும். புரவலர்களின் பெயர்களைக் கேடயங்கள் காப்பாற்றிவிடுகின்றன. ஆடியவர்களின் பெயர்களைக் காப்பாற்றுவது எழுதுகிறவர்களின் வேலை.