மண்டரின் தோடம்பழ மதுவும் கலவைப் பானங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

'கொக்டெயில்' எனப்படும் கலவைப் பானமொன்றைப் புதிதாக ஆக்குதல் தனிமனிதக் கற்பனையின் விளைவென்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், மண்டரின் தோடம்பழத் தோலின் மணமேற்றி இனிப்பூட்டிய மதுவின் வரலாற்றை நோக்குமிடத்து வேறோர் உண்மை புலப்படும். இத்துறையிற் புதுமை என்பது பெரும்பாலும் பழைய சட்டகத்தினுள் ஒரு பொருளை மாற்றியமைத்தலேயாகும். அப்பொருள்களை ஓரிடத்திற் சேர்த்தவையோ வணிகமும் குடியேற்ற ஆட்சியுமாகும்.

தோடம்பழ மதுக்களுள் முதலிற் புகழ்பெற்றது கரிபியன் தீவாகிய குராசோவின் பெயரால் வழங்குவது. அத்தீவில் ஸ்பானியர் நட்ட தோடை, வறண்ட மண்ணில் உண்ணவொண்ணாக் கசப்புக் கனியைத் தந்தது. எனினும் அதன் தோல் நறுமண எண்ணெய் மிக்கதாயிருந்தது. 1634 இல் தீவைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனை அடிமை வணிகத்தின் முக்கிய நிலையமாக்கினர். உலர்ந்த தோல் ஒல்லாந்து வடிசாலைகளுக்குச் சென்ற அதே கடல்வழி வலைப்பின்னலிலேயே மனிதரும் விற்கப்பட்டனர். 1795 இல் தூலா என்பவரின் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர், கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1863 இலேயே அங்கு அடிமைமுறை ஒழிக்கப்பட்டது.

இதற்கு ஓராண்டு முன்னர், 1862 இல், அமெரிக்கராகிய ஜெரி தோமஸ் கலவைப் பானங்கள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். 1806 ஆம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகையொன்று கொக்டெயிலை மது, சீனி, நீர், கசப்புச்சாறு ஆகியவற்றின் கலவையென வரையறுத்திருந்தது. தோமஸின் பிராந்திக் கொக்டெயிலில் அவ்வடிப்படையுடன் சில துளி குராசோவும் சேர்ந்தது. 1922 இல் அச்சேறிய 'சைட்கார்' பானத்திலோ பிராந்தி, தோடம்பழ மது, எலுமிச்சைச் சாறு மூன்றும் சம அளவின. துளியாயிருந்தது மூன்றிலொரு பங்காயிற்று.

மண்டரின் கனி கந்தோனிலிருந்து இங்கிலாந்தை அடைந்தது 1805 இலேயே. பின்னர் அது மத்தியதரைக்கடற் பகுதியிற் பரவியது. தமிழில் 'மந்திரி' என வழங்கும் வடசொல் மலாய்வழியாகப் போர்த்துக்கேயத்துட் புகுந்து சீன அதிகாரிகளைக் குறித்து, ஈற்றில் இக்கனிக்கும் பெயராயிற்று. 1892 இல் பெல்ஜியத்தில் 'மண்டரின் நெப்போலியன்' என்னும் மது விற்பனைக்கு வந்தது. பேரரசன் விரும்பியருந்திய பானமொன்றின் வழிவந்ததாக அது விளம்பரப்படுத்தப்பட்டது. ஆனால் நெப்போலியன் இறந்து 71 ஆண்டுகளின் பின்னரே அது தோன்றியது. அரசனின் பெயர் புட்டியில் நிலைத்தது. கனி பறித்தோர் பெயர் எங்குமில்லை.

சைட்காரில் வழமையான தோடம்பழ மதுவுக்குப் பதிலாக மண்டரின் மதுவை வார்ப்பின் புதுப் பானமொன்று கிடைக்கும். சட்டகம் மாறாது, மணம் மாறும். மண்டரினின் மணம் மென்மையானது. ஆகவே புளிப்பின் அளவைச் சீர்செய்தல் வேண்டும்; இன்றேல் இனிப்பு மேலோங்கும். ஆக்குவோனின் திறன் இவ்வளவறிதலிலேயே தங்கியுள்ளது. இன்றைய மரபணு ஆய்வுகளின்படி கசப்புத் தோடையும் இனிப்புத் தோடையும் மண்டரினும் பம்பளிமாசும் கலந்து பிறந்தவை. எனவே, புதிதெனச் சேர்க்கப்படும் பொருள் உண்மையில் பழையதன் மூதாதையே.

இத்தகைய ஆக்கங்களிற் கலப்போனின் நுண்ணுணர்வை மறுத்தல் பொருந்தாது. எனினும், அவன் கைக்கு எட்டிய ஒவ்வொரு பொருளும் பலரின் உழைப்பையும் சிலரின் ஆதிக்கத்தையும் கடந்து வந்ததாகும். இதனைக் கருதாது எழுதப்படும் பானங்களின் வரலாறு விளம்பரத்தின் நீட்சியாகவே அமையும்.