காவல் அதிரடிப்படைகளும் நெருக்கடிப் பேச்சும்: தாம்பரம், தென்சென்னைப் புறநகர்

காவல் நிலைய ஆட்களால் சமாளிக்க முடியாத ஆயுத நெருக்கடிகளுக்கெனத் தனியே தேர்ந்து பயிற்றுவிக்கப்படும் சிறு அணியே காவல் அதிரடிப்படை. பணயக்கைதிகளைப் பிடித்துவைத்திருப்பவரிடமோ, தன் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தவரிடமோ பேசி, யாருக்கும் சேதமின்றி நிலைமையை முடிப்பவர் நெருக்கடிப் பேச்சாளர். தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர் சுற்றுவட்டாரத்தில் இத்துறைக்குரிய இரு பெரிய வளாகங்கள் உள்ளன. ஊனமாஞ்சேரியில் 2008 முதல் தமிழ்நாடு காவலர் உயர் பயிற்சியகம் இயங்குகிறது. நெடுங்குன்றத்தில் தேசியப் பாதுகாப்புப் படையின் சென்னை மையம் இருக்கிறது. இன்னும் தெற்கே, செங்கல்பட்டை அடுத்த ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் துப்பாக்கி சுடுதளம் உள்ளது.

பெயரும் வகையும்

துப்பாக்கியோடு வரும் எல்லாரையும் ‘கமாண்டோ’ என்றோ ‘அதிரடிப்படை’ என்றோ சொல்லிவிடுவது வழக்கம். இவர்களைப் பிரித்தறிய வேண்டும். மாவட்டந்தோறும் மாநகரந்தோறும் இருக்கும் ஆயுதப்படை, கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்வது முதல் பாதுகாப்புப் பணிவரை செய்யும் கையிருப்புப் படை. ஊர்வழக்கில் பட்டாலியன் எனப்படும் தமிழ்நாடு சிறப்புக் காவல்படை, கலவர காலத்தில் மொத்தமாக இறக்கப்படுவது. சிறப்பு அதிரடிப்படை, சுருக்கமாக எஸ்.டி.எஃப்., சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனைப் பிடிப்பதற்காகவே காட்டில் வளர்ந்தது. கட்டடத்துக்குள் புகுந்து பணயக்கைதிகளை மீட்பது போன்ற நகர்ப்புற வேலைகளுக்கு உரியது மாநிலத்தின் கமாண்டோ படை. கருப்புப் பூனைகள் எனப்படும் தேசியப் பாதுகாப்புப் படையினர் மத்திய உள்துறையின் கீழ் வருபவர்கள்; மாநிலக் காவலர்கள் அல்லர். எந்த அணியை அழைப்பது என்ற முடிவிலேயே பாதி விளைவு அடங்கியிருக்கிறது. கூட்டத்தைக் கலைக்கப் பழகியவர்களை ஒற்றை அறைக்குள் அனுப்புவதும், அறைக்குள் புகப் பழகியவர்களைக் கூட்டத்தின் முன் நிறுத்துவதும் ஒரே தவறுதான்.

தொடக்கம்

சென்னை மாகாணத்தின் நவீனக் காவல்துறை 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் உருவானது. ராணுவ முறையில் பயின்ற தனிப் படைக்கு முன்னோடி, 1921இல் மாப்பிள்ளைக் கிளர்ச்சியின்போது எழுந்த மலபார் சிறப்புக் காவல்படை. அதை அமைத்தவர் ஆங்கிலேய அதிகாரி ஹிட்ச்காக், தலைமையிடம் மலப்புறம். குடிமக்களோடு பழகும் போலீஸ் ஒருபுறம், பாசறையில் வாழும் போலீஸ் மறுபுறம் என்ற பிரிவு அப்போதே வேரூன்றியது. 1956இல் மலபார் கேரளத்தோடு போனது. பாசறை முறை மட்டும் இங்கேயே தங்கி, பின்னாளின் பட்டாலியன்களில் தொடர்ந்தது.

அடுத்த திருப்பம் 1991. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஆகஸ்டில், அந்தக் கொலையின் சூத்திரதாரியாகத் தேடப்பட்ட சிவராசனும் கூட்டாளிகளும் பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் ஒரு வீட்டில் இருப்பது தெரிந்து, கருப்புப் பூனைகள் வீட்டைச் சூழ்ந்தனர். அவர்களை உயிரோடு பிடிக்க வேண்டும், சயனைடு முறிவு மருந்தும் கையில் இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. காத்திருப்பு ஒரு நாளைக் கடந்தது. ஆகஸ்ட் 20 காலை உள்ளே போனபோது எழுவரும் பிணமாகக் கிடந்தனர். காத்திருந்ததே பிழை என்று அன்று பலரும் சொன்னார்கள். காத்திருந்தது பிழையன்று, அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர்களோடு பேச்சைத் திறக்கும் ஏற்பாடு இல்லாமற்போனதே பிழை. பேச்சில்லாத முற்றுகையில் ஓடும் நேரம் எதிராளிக்கே பயன்படும்.

1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றங்கரையில் வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அவ்வாண்டு வால்டர் தேவாரம் தலைமையில் தமிழ்நாட்டின் சிறப்பு அதிரடிப்படை காட்டில் இறங்கியது. தேடுதல் வேட்டை 2004 அக்டோபர் 18 அன்று, விஜயகுமார் தலைமையில், வீரப்பன் சுடப்பட்டதோடு முடிந்தது. அந்த ஆண்டுகளில் படையினரிடம் மலைக்கிராம மக்கள் பட்ட பாட்டைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. ஆணையம் 2007இல் 89 பேருக்கு இழப்பீடு பரிந்துரைத்தது. இந்தப் பரிந்துரை வந்தது எல்லாம் முடிந்த பிறகே. படை காட்டில் இருந்த நாட்களில் அதை அன்றாடம் கண்காணிக்க வெளியாள் யாரும் இருக்கவில்லை.

பேச்சு

தமிழகம் கண்ட மிகப் பெரிய பணயமீட்புப் பேச்சைக் காவல்துறை நடத்தவில்லை. 2000 ஜூலை 30 அன்று கஜனூரில் கடத்தப்பட்ட கன்னட நடிகர் ராஜ்குமார் 108 நாட்கள் வீரப்பனிடம் இருந்தார். இரு மாநில அரசுகளின் தூதராகக் காட்டுக்குப் போய்வந்தவர் நக்கீரன் ஆசிரியர் கோபால், பின்னர் பழ. நெடுமாறனும் சேர்ந்தார். வீரப்பன் கேட்டபடி, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் சிறையிலிருந்த கைதிகள்மீதான வழக்கைத் திரும்பப் பெறும் முடிவை நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. எட்டு நாள் கழித்து ராஜ்குமார் உயிரோடு திரும்பினார். பேசப் போகிறவர் வாக்குறுதி தரலாமா, அதை நிறைவேற்றும் அதிகாரம் யாருடையது என்ற கேள்விக்கு நம் நாட்டில் கிடைத்த தெளிவான விடைகளில் அந்தத் தீர்ப்பும் ஒன்று. 2002இல் வீரப்பன் கடத்திய கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா பிணமாகவே கிடைத்தார்.

நியூயார்க் காவல்துறை 1973லேயே நெருக்கடிப் பேச்சுக்கெனத் தனி அணி அமைத்தது. ஃபிராங்க் போல்ஸ், உளவியல் படித்த காவலர் ஹார்வி ஷ்லாஸ்பெர்க் ஆகியோர் அதன் மூலவர்கள். பேசுபவர் கட்டளையிடக் கூடாது, கட்டளையிடுபவர் பேசக் கூடாது என்பது முதல் விதி. பேசுபவர் அருகில் இன்னொருவர் அமர்ந்து கேட்டுக் குறிப்பு எழுதித் தருவார். கேட்பது, புரிந்துகொண்டதைக் காட்டுவது, நம்பிக்கை வளர்ப்பது, பிறகே வழிகாட்டுவது என்று படிப்படியாக நகர்வார்கள். உறவினரைப் பேசவிடுவதில் மிகுந்த கவனம் வேண்டும் என்பதும் பாடம், ஏனெனில் மனக்குறைக்குக் காரணமே அவராக இருக்கலாம்.

நம் ஊரில் இந்த வேலை பெரும்பாலும் செல்போன் டவரின் அடியில் நடக்கிறது. பட்டா கிடைக்கவில்லை, புகாரை எடுக்கவில்லை என்று ஒருவர் மேலே ஏறிவிடுவார். இன்ஸ்பெக்டர், தாசில்தார், தீயணைப்பு வண்டி, கூடவே அழுதபடி மனைவி. ஒலிபெருக்கி அந்த மனைவியின் கைக்கே முதலில் போகும். 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரி டவரில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரோடு வீடு திரும்பவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயல்பவரைக் கடும் மன அழுத்தத்தில் உள்ளவராகவே கொள்ளச் சொல்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் தொண்டர்களுக்குத் தெரிந்த கேட்கும் கலை, ஒவ்வொரு நிலைய எழுத்தருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வேளச்சேரி, 2012

2012 ஜனவரி 23 அன்று பெருங்குடியிலும் பிப்ரவரி 20 அன்று கீழ்க்கட்டளையிலும் வங்கிகள் கொள்ளையடிக்கப்பட்டன. பிப்ரவரி 23 நள்ளிரவு கடந்த வேளையில், வேளச்சேரியில் நெருக்கமான குடியிருப்புத் தெரு ஒன்றில், இக்கொள்ளைகளில் சந்தேகிக்கப்பட்டு வாடகை வீட்டில் இருந்த 5 பேர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். சரணடையச் சொன்னோம், உள்ளிருந்து சுட்டார்கள் என்றது காவல்துறை. இரு ஆய்வாளர்கள் காயமடைந்தனர். ஒரே வாசல் உள்ள வீடு, விடியச் சில மணி நேரம், வெளியே எத்தனை பேரை வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற நிலை: பாடநூல் முற்றுகைக்கு இதைவிடப் பொருத்தமான சூழல் அமையாது. அங்கே பயிற்சி பெற்ற பேச்சாளர் ஒருவர் நின்றிருக்க வேண்டும். குற்றவியல் நடுவர் விசாரணையும் சி.பி.சி.ஐ.டி. விசாரணையும் பின்னர் வந்தன.

கண்காணிப்பு

2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் என்கவுன்டர் சாவுகளுக்கு 16 நெறிகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். வேறு நிலையத்தாரோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும்; நடுவர் விசாரணை வேண்டும்; சம்பவம் நடந்த கையோடு வீரப் பதக்கமோ பதவி உயர்வோ கூடாது. 2006ஆம் ஆண்டின் பிரகாஷ் சிங் தீர்ப்பு, காவல்துறைமீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் கேட்டது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ அந்தத் தலைமையை உள்துறைச் செயலரிடம் கொடுத்தது, டி.ஜி.பி.யும் உறுப்பினர். காவல்துறையை ஆளும் துறையே அதன்மீதான புகாரையும் கேட்கும் ஏற்பாடு தீர்ப்பின் நோக்கத்துக்கு முரணானது. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று போராட்டக்காரர்கள்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல் அதிகாரிகள், காவலர்கள்மீது நடவடிக்கை கோரியது.

இன்றைய நிலை

2008ஆம் ஆண்டின் மும்பைத் தாக்குதலின்போது கருப்புப் பூனைகள் மனேசரிலிருந்து வந்து சேர மறுநாள் காலை ஆனதால், 2009இல் சென்னை உள்ளிட்ட 4 நகரங்களில் மையங்கள் அமைந்தன. தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரிலும் தாம்பரம் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 அன்றும் உருவாயின. முதல் ஆணையர் எம். ரவி. அந்த ஆணையரக எல்லையில் உள்ள கூடுவாஞ்சேரியில் 2023 ஆகஸ்ட் 1 அதிகாலை வாகனச் சோதனையின்போது இருவர் காவல்துறையால் சுடப்பட்டு இறந்தனர்.