கல்லை எடுப்பதா? பையையே எடுப்பதா?

யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியுமா? விலங்கியலின் இந்தச் சிறு செய்தி, மருத்துவ வரலாற்றில் ஒரு துணிச்சலான முடிவுக்குத் துணை நின்றது.

கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துச் செறிவாக்கி வைப்பது பித்தப்பை. கொழுப்புள்ள உணவு சிறுகுடலை அடைந்ததும் பை சுருங்க, பித்தநீர் பித்தநாளம் வழியாகக் குடலில் பாய்கிறது. பித்தநீரிலுள்ள கொலஸ்டிரால் அளவு மீறினால் படிகமாகிக் கல்லாகத் திரளக்கூடும். கல் பையின் வாயை அடைத்தால் கடும் வலி. நாளத்தை அடைத்தால் மஞ்சள் காமாலை.

1867-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் ஜான் பாப்ஸ் என்ற மருத்துவர், கட்டி என்று எண்ணி ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். கண்டதோ கற்கள் நிறைந்த பித்தப்பை! கற்களை எடுத்துப் பையைத் தைத்தார். அப்பெண் பிழைத்துப் பல்லாண்டு வாழ்ந்தார். ஆனால் பை இருக்கும்வரை மீண்டும் கல் உண்டாகலாம் அல்லவா?

எனவே, கல் விளையும் பையையே நீக்கவேண்டும் என்றார் பெர்லின் லாசரஸ் மருத்துவமனையின் கார்ல் லாங்கன்புக். பையின்றி மனிதன் வாழ்வானா? யானையும் குதிரையும் வாழ்கின்றனவே! பிணங்களில் செய்து பழகியபின், 1882 ஜூலை 15-ஆம் நாள், 16 ஆண்டுகள் நோயால் வாடிய 43 வயதுக்காரரின் பித்தப்பையை அவர் அகற்றினார். நோயாளி நலம்பெற்று வீடு திரும்பினார். பை போனாலும், கல்லீரலிலிருந்து பித்தநீர் நேரே குடலுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

பித்தநாளத்தில் சிக்கிய கல்லின் கதை வேறு. பையைப் போல நாளத்தை நீக்கிவிட முடியாது. பித்தநீருக்கு வழி வேண்டுமே! ஆகவே நாளத்தைத் திறந்து கல்லை எடுக்கும் முறை 1890-ஐ ஒட்டித் தோன்றியது. ஸ்விட்சர்லாந்தின் கூர்வாசியே அதில் முன்னோடி. 1974-இல் ஜெர்மனி, ஜப்பான் மருத்துவர்கள் வயிற்றைக் கிழிக்காத வழியொன்றை அறிவித்தனர். வாய்வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி, நாளம் குடலில் திறக்கும் இடத்தைச் சிறிது வெட்டிக் கல்லை வெளியேற்றுவதே அது.

1985-இல் ஜெர்மானியரான எரிக் மூயே, சிறு துளைகள் வழியே பித்தப்பையை அகற்றிக் காட்டினார். சக மருத்துவர்கள் எள்ளினர். இன்றோ உலகெங்கும் வழக்கிலிருப்பது துளைவழி முறையே!

தொல்லை தராத பித்தப்பைக் கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை தேவையில்லை. ஆனால் வலியோடு காய்ச்சலும் காமாலையும் சேர்ந்தால், கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.