நரிக்குடி

விருதுநகர் மாவட்டம், திருச்சுழி வட்டத்தைச் சேர்ந்த ஊராட்சி நரிக்குடி. அதே பெயர் கொண்ட ஊராட்சி ஒன்றியத்துக்குத் தலைமையிடமும் இதுவே. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக வடகிழக்கே செல்லும் சாலையிலும், விருதுநகர் – மானாமதுரை ரயில் பாதையிலும் அமைந்திருக்கிறது. பட்டா மாறுதலுக்குத் திருச்சுழி தாலுகா ஆபீஸ், கலெக்டரிடம் மனுக் கொடுக்க விருதுநகர் என்று இவ்வூர்க்காரர்கள் அலைந்தாலும், நாடாளுமன்றத் தேர்தலில் அவர்கள் ஓட்டுப்போடுவது ராமநாதபுரம் தொகுதிக்கு. திருச்சுழி சட்டமன்றத் தொகுதி அந்த நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்குவதே காரணம். பேரூராட்சியாகக்கூட உயராத இந்த ஊரின் 'யூனியன் ஆபீஸ்'தான் ஒன்றியத்தின் 44 ஊராட்சிகளுக்கும் ரோடு, தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை ஆகிய எல்லாவற்றுக்கும் கதவு.

வரலாறு

தமிழக ஊராட்சி பற்றி எழுதுபவர்கள் உத்திரமேரூர்க் குடவோலையில் தொடங்குவது வழக்கம். அது பிராமணர்களுக்கு விடப்பட்ட நீர்வளமுள்ள ஊர் ஒன்றின் கதை. கண்மாய் பெருகினால் சோறு, பெருகாவிட்டால் பிழைப்புத் தேடி வெளியூர் என்றிருந்த இந்த வானம் பார்த்த சீமைக்கு அதை அப்படியே பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை. பாண்டியர் காலத்தில் திருச்சுழி வட்டாரம் பருத்திக்குடி நாடு எனப்பட்டது. திருச்சுழியை ஒட்டிய பள்ளிமடம் கோயில் கல்வெட்டுகளில், விளக்கெரிக்க ஆடுகள் கொடுத்த செய்திகள் வருகின்றன. நெல்லைவிட ஆடு நிலையான சொத்தாக இருந்த நிலம் என்று அதிலிருந்து ஊகிக்கலாம்.

பின்னர் இப்பகுதி மறவர் சீமையின் பாகமாயிற்று. நரிக்குடிக்கு அருகிலுள்ள முக்குளமே மருது சகோதரர்கள் பிறந்த ஊர். பெரிய மருது 1748-லும் சின்ன மருது 1753-லும் பிறந்தனர். 1772-இல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின், அவர் மனைவி வேலு நாச்சியாருக்குத் துணைநின்று 1780-இல் சிவகங்கையை மீட்டவர்கள் இவர்கள். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் கிழக்கிந்தியக் கும்பினியார் இருவரையும் தூக்கிலிட்டனர். நரிக்குடியில் உள்ள பழைய சத்திரம் மருதிருவர் கட்டியது என்பது ஊர் வழக்கு. தென்மேற்கிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்துபோன யாத்திரிகர்களுக்குத் தங்க இடமும் ஒருவேளைச் சோறும் கொடுப்பது அத்தகைய சத்திரங்களின் வேலை.

சத்திரத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. சாலை, சாலையோர மரம், குடிக்கத் தண்ணீர், வழிப்போக்கனுக்குக் கூரை ஆகியவற்றைத்தான் பின்னாளில் ஆங்கிலேயர் 'உள்ளாட்சி' என்று பெயரிட்டு வாரியங்களிடம் கொடுத்தார்கள். ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து 1884-இல் சென்னை மாகாண உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. மாவட்ட வாரியம், தாலுகா வாரியம், அவற்றின் கீழே சில ஊர்களைச் சேர்த்த யூனியன் என்று அது மூன்று தட்டுகளை ஏற்படுத்தியது. மாகாணத்துப் பல சத்திரங்களின் நிர்வாகமும் இந்த வாரியங்களுக்குப் போயிற்று. தாலுகா வாரியங்கள் 1934-இல் கலைக்கப்பட்டன.

ஆனால் இந்த வாரியங்கள் ஜமீன் பூமியில் காலூன்றியது பெயரளவில்தான். 1803 முதல் ராமநாதபுரமும் சிவகங்கையும் நிரந்தர ஜமீன்களாக இருந்தன. வரி வாங்குபவர் ஜமீன்தார். கண்மாயைப் பராமரிக்க வேண்டியவரும் அவரே. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டும் இந்த நிலை மாறவில்லை. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம்தான் குடியானவனை நேராகச் சர்க்காரின் முன் நிறுத்தியது. 1985 மார்ச்சில் ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது நரிக்குடி, இன்று விருதுநகர் எனப்படும் அன்றைய காமராஜர் மாவட்டத்தோடு சேர்ந்தது. மானாமதுரை பக்கத்து ஊர்தான். ஆனாலும் அது சிவகங்கை மாவட்டத்துக்குப் போய்விட்டது.

அருப்புக்கோட்டை – மானாமதுரை ரயில் பாதை 1964-இல் திறக்கப்பட்டது. மீட்டர் கேஜ் பாதை 2013-இல் அகலப்பாதையானது.

கண்மாயும் நிர்வாகமும்

நரிக்குடி வட்டாரத்தில் நிர்வாகம் என்றால் கண்மாய்தான். மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ.; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அதைத் தேக்கி ஒருபோக நெல்லைக் கரையேற்றுவதும், எஞ்சிய ஈரத்தில் மிளகாய், பருத்தி, மல்லி எடுப்பதும் இங்குள்ள வேளாண்மை. மழையைத் தவிர இருக்கும் ஒரே நம்பிக்கை கிருதுமால் நதி. மதுரைக்கு மேற்கே தோன்றி, நகரத்துக்குள் சாக்கடையாகச் சுருங்கி, வெளியே வந்து சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களை நிரப்பிக் குண்டாற்றில் சேர்வது அது. வைகையில் தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் விரகனூர் மதகணையிலிருந்து இதில் திறந்துவிடுவார்கள். திறந்த செய்தி பத்திரிகையில் வந்தபிறகும் கடைமடைக் கண்மாய்க்கு வந்து சேரவில்லை என்ற புகார் ஒவ்வொரு முறையும் எழும்.

கண்மாய்கள் தனித்தனிக் குளங்களாக இருப்பதில்லை. மேல் கண்மாய் மறுகால் போனால்தான் கீழ்க் கண்மாய்க்கு நீர். மறுகால் போகும் இடம் கலுங்கு. கல்லால் கட்டிய அந்தத் தாழ்ந்த கரையின்மேல் முழங்கால் உயரக் குத்துக்கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் கற்களுக்கிடையே மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தால் கண்மாயில் இன்னும் ஓரடி தண்ணீர் நிற்கும். அந்த ஓரடி மேலூருக்கு இரண்டு வாரப் பாசனம். கீழூருக்கு வராமல்போன தண்ணீர். எப்போது அடைப்பது, எப்போது எடுப்பது என்பதை எந்தப் பஞ்சாயத்துச் சட்டமும் சொல்லவில்லை. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். முடியாதபோது விவகாரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். மடை திறக்கவும் வாய்க்கால் முறை பார்க்கவும் நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருந்தார். அறுவடையில் அவருக்குக் கதிராகவும் நெல்லாகவும் கூலி. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக்கால் வெட்டும் குடிமராமத்தை 1858-இலேயே சட்டமாக்கிப் பார்த்தது ஆங்கில அரசு. சட்டத்தால் அது உயிர்பெறவில்லை.

ஜமீன் போனபின் கண்மாய்கள் இரண்டாகப் பிரிந்தன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு; குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. காகிதத்தில் சரியாகத் தெரியும் இந்தப் பிரிவினை தரையில் தொல்லை தருகிறது. மேல் கண்மாய் ஒரு துறையிடமும் அதன் மறுகால் விழும் கீழ்க் கண்மாய் இன்னொரு துறையிடமும் இருந்தால், இடையில் உள்ள ஓடை யாருடையதும் இல்லாமல் தூர்ந்துபோகும். தூர்ந்த இடத்தில் சீமைக்கருவேலம் முளைக்கும். அதுவே இப்போது இந்த வட்டாரத்தின் பெரிய விளைச்சல் என்று சொன்னால் மிகையில்லை: வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் அனுப்புகிறார்கள். கண்மாய்க்குள் வளர்ந்த மரத்தையும், தண்ணீர் கிடந்தால் மீனையும் ஏலம் விட்டு வரும் பணம் உள்ளாட்சிக்கு வருமானம். கண்மாயைக் கெடுக்கும் மரமே கஜானாவுக்குக் காசு தருவதால், அதை அடியோடு ஒழிப்பதில் அவ்வளவு அவசரம் காட்டப்படுவதில்லை. 2017-இல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே நிதி ஒதுக்கித் தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியது.

உள்ளாட்சி அமைப்பு

இன்றைய ஒன்றியத்தின் மூலம் 1958-ஆம் ஆண்டு சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம். விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1952-இல் தொடங்கிய சமூக வளர்ச்சி வட்டாரங்களை எல்லையாகக் கொண்டு பஞ்சாயத்து யூனியன்கள் படிப்படியாக அமைந்தன. ஆரம்பப் பள்ளி, சிறிய சாலை, சிறுபாசனம் என்று நிஜமான வேலைகள் யூனியன் கைக்கு வந்தன. யூனியன் சேர்மன் என்றால் அன்று எம்.எல்.ஏ.வுக்குச் சமமான மரியாதை.

கிராம அளவில் பெரிய மாற்றம் 1980-இல் வந்தது. பரம்பரையாக இருந்த கர்ணம், முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. பரீட்சை எழுதி வந்த வி.ஏ.ஓ.விடம் அடங்கல் கணக்கு போயிற்று. ஒரு சில குடும்பங்களின் பெட்டிக்குள் இருந்த ஊர்க் கணக்கு வெளியே வந்தது அப்போதுதான். அதற்கடுத்த மாற்றம், 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வந்த 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். 1996 தேர்தலிலிருந்து பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டன. பெண்களுக்கான பங்கு 2016-இல் பாதியாக உயர்த்தப்பட்டது.

ஊராட்சித் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றியத் தலைவரை வார்டு கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே அங்கே கட்சிக் கணக்கு பலமாக ஓடும். யூனியன் ஆபீஸில் பி.டி.ஓ. இரண்டு பேர்: வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர். மனுவோடு போகிறவர் முதலில் எந்த அறைக்குள் நுழைவது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். ஊராட்சியின் செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் டேங்க் ஆபரேட்டர் சம்பளம்கூட நின்றுவிடும்.

வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் இத்தகைய ஊர்களில் சொற்பம்; மாநில நிதிக்குழு மானியமே ஓட்டுகிறது. இங்கிலாந்தில் 1894-ஆம் ஆண்டுச் சட்டம், 300 பேரோ அதற்கு மேலோ வாழும் ஒவ்வொரு நாட்டுப்புறப் பாரிஷுக்கும் ஒரு மன்றத்தைக் கொடுத்தது. அந்த மன்றம் தனக்கு வேண்டிய தொகையைத் தானே தீர்மானித்து உள்ளூர் வரியோடு சேர்த்து வசூலிக்கச் செய்யலாம். நரிக்குடி போன்ற ஊராட்சிக்கு ஆட்களும் அதிகம், கடமைகளும் அதிகம். தன் தொகையைத் தானே தீர்மானிக்கும் அந்த உரிமைக்கு மட்டும் இடமில்லை.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடிவந்த கிராம சபை, பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறு முறை கூடுவதாயிற்று. தீர்மான நோட்டில் கண்மாய்த் தூர்வாரல் ஏறாத கூட்டம் இந்தப் பக்கம் அபூர்வம்.

2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். 2019 டிசம்பரில் தேர்வான மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மறுபடியும் அதிகாரிகளிடமே பொறுப்பு போனது. இப்படி இடைவெளி விட்டுவிட்டு வரும் மன்றத்தை நம்பிக் கண்மாய்க் கரையை விட முடியாதென்பதால், மழை பிடிக்கும் முன் மடையையும் கலுங்கையும் ஆயக்கட்டுக்காரர்களே வசூல் போட்டுச் சரிசெய்துகொள்ளும் ஊர்கள் இன்னமும் இருக்கின்றன.