அடையாறு ஓலைக் கொட்டகையும் இரண்டாண்டுச் சான்றிதழும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

கலிஃபோர்னியாவில் தன் வீட்டிலேயே குழந்தைக் காப்பகம் நடத்தும் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் பேசினாள். அங்கே குழந்தைகளுக்கான முதலுதவி, சி.பி.ஆர். சான்றிதழை இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டுமாம். "சனிக்கிழமை பூரா கிளாஸ் டீச்சர், பொம்மையை வச்சு அமுக்கச் சொல்றாங்க. நம்ம மயிலாப்பூர் மாமிங்ககிட்ட யாராவது சர்டிபிகேட் கேட்டாங்களா?" என்றாள். ஒருவரும் கேட்டதில்லைதான். ஆனாலும் பிள்ளை பார்ப்பதைப் படித்துக் கற்க வேண்டும் என்ற எண்ணம் நம்மூருக்குப் புதிதல்ல. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1937இல் வி.என். சர்மாவும் அவருடைய ஜெர்மானிய மனைவி எலன் சர்மாவும் மயிலாப்பூரில் சில்ட்ரன்ஸ் கார்டன் பள்ளியைத் தொடங்கினார்கள். 'கிண்டர்கார்டன்' என்ற ஜெர்மன் சொல்லை ஆங்கிலத்தில் சொன்னால் அதுதான் பெயர். இரண்டே ஆண்டில், அடையாறு ஆற்றுக்குத் தெற்கே அதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது.

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில், 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 69. கூடவே மகன் மாரியோ. ஆல்காட் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகள் போட்டு வகுப்பு தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறு பேர் போல வந்து சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார், மாரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார். மூன்று மாதப் பயிற்சி என்பதுதான் ஏற்பாடு.

விதி வேறு கணக்குப் போட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மாரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையாரை அடையாறு வளாகத்தை விட்டு நகரக்கூடாது என்றார்கள். அந்த ஆகஸ்ட் 31, அவருடைய 70ஆவது பிறந்த நாள். பரிசு போல அன்றைக்கு மகனை விடுவித்தார்கள். மூன்று மாதத்துக்கு வந்தவர் சென்னையும் கோடைக்கானலுமாக 1946 வரை இங்கேயே இருந்தார். அடுத்த ஆண்டே திரும்பியும் வந்தார். அவருடைய புகழ்பெற்ற 'தி அப்சார்பென்ட் மைண்ட்' 1949இல் முதலில் அச்சானதும் அடையாறில்தான். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

அவர் பயிற்சியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. குழந்தையைத் தொடுவதற்கு முன் பார்க்கப் பழக வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்து, எந்தக் குழந்தை எதை எடுத்தது, எவ்வளவு நேரம் வைத்திருந்தது, எங்கே விட்டது என்று எழுத வேண்டும். கேட்க எளிது. நாற்பது பிள்ளைகள் நடுவே நின்றவள் சொல்கிறேன், ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு பார்ப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். மேலும், மூன்று வயதுக்கு உட்பட்ட பருவத்தின் மேல் அவர் கவனம் அழுத்தமாகத் திரும்பியது இந்திய ஆண்டுகளில்தான். இன்று வீடுகளில் விட்டுப் போகிற வயதும் அதுவே.

அதன் பிறகு கதை வேகமாக ஓடுகிறது. 1949இல் தி.நகரில் காமராஜர் ஆதரவோடு மஞ்சுபாஷிணி அம்மையார் பால மந்திரைத் தொடங்கினார். 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளைப் பற்றி மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஐ.சி.டி.எஸ். திட்டம் பிறந்தது. அங்கன்வாடி ஊழியருக்குத் தொடக்கப் பயிற்சி உண்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சியும் உண்டு என்று விதி வகுத்தார்கள். கலிஃபோர்னியாவின் அதே இரண்டாண்டு! நடைமுறையில் அது தள்ளிப்போவதும் உண்டு, அது வேறு கதை.

விட்டுப்போனவர் யார் என்றால், மந்தைவெளியிலோ இந்திரா நகரிலோ தன் வீட்டுக் கூடத்தில் நான்கு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். 2015இல் தமிழக அரசு மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. இரண்டும் பள்ளியையும் நிறுவனத்தையும் மனத்தில் வைத்து எழுதியவை. ஐ.டி. கம்பெனிக்குப் போகிற தாய் அந்தக் கூடத்தை நம்பித்தான் காலையில் வண்டி ஏறுகிறாள்.

அந்தப் பெண்ணுக்கு உரிமம், ஆய்வாளர் என்று எதையும் கட்டிவிட நான் சொல்லவில்லை. இருக்கிற ஒரு கூடமும் மூடிவிடும். ஆனால் ஒரு வயதுக்குள்ளான குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்து, அழவும் இருமவும் முடியாமல் திணறினால் என்ன செய்வது? தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. போகாவிட்டால் திருப்பி, மார்பு நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் ஐந்து அழுத்தம். வெளியே வரும்வரை இப்படி மாற்றி மாற்றி. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக் கூடாது. கூடவே ஒருவர் 108ஐ அழைக்க வேண்டும். இதைப் படித்தால் போதாது, பொம்மையில் கை பழக வேண்டும். சில மாதத்திலேயே கை மறந்துவிடும் என்பதால்தான் அந்த இரண்டாண்டுப் புதுப்பித்தல். மருத்துவம் படித்த என் மாணவர்கள் மூன்று நான்கு பேர் தெற்குச் சென்னையிலேயே இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பொம்மை, பத்துப் பெண்கள். இடம் நான் பார்த்துத் தருகிறேன்.

இன்னொன்று. உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ அந்த நாளில் அடையாறில் பயிற்சி எடுத்தவராக இருந்தால், மாண்டிசோரி பயிற்சியில் அவரவர் கையால் எழுதி, படம் வரைந்து தயாரிக்கும் ஆல்பம் பரணில் கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.