இருபத்தைந்து பேருக்கு ஒருவர்: திண்டுக்கல் ஒப்பந்தத்துக்கு ஓர் உரை

தலைப்பு: பாலின வன்முறையையும் தொல்லையையும் ஒழிப்பதற்கான திண்டுக்கல் ஒப்பந்தம்.

பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊரின் பெயர் 2022 ஏப்ரல் முதல் இந்த ஒப்பந்தத்துக்கும் உரியதாயிற்று. அதன் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. நாச்சி அப்பேரல் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். மாதக்கணக்கில் தொல்லை இருந்தது என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். ஆகவே ‘ஒழிப்பதற்கான’ என்பதை நான் அலங்காரச் சொல்லாகப் படிக்கவில்லை. குறைக்க, தணிக்க என்றெல்லாம் எழுத முடியாதபடி செய்தது அந்த உயிர்.

கையெழுத்திட்டோர்: சங்கம், ஆலை முதலாளி, வாங்குவோர்.

தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும் அதற்குத் துணை நின்ற அமைப்புகளும் ஒருபுறம். நாச்சி ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் மறுபுறம். கூடவே துணி வாங்கும் பிராண்டுகளான எச் அண்ட் எம், கேப், பிவிஎச். இந்த மூன்றாம் தரப்புதான் புதிது. ஆலை சொன்ன சொல் தவறினால் ஆர்டர் பாதிக்கும். சுவரில் ஒட்டிய நன்னடத்தை விதிகளுக்கு இல்லாத பலம் இது.

பாலினம், சாதி, புலம்பெயர்ந்த நிலை: எதன் பேரிலும் பாகுபாடு கூடாது.

மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னது சரி. லைனில் ஒரு பெண்ணைத் திட்டும் வாய் அவள் ஊரையும் தெருவையும் சேர்த்தே திட்டுகிறது.

இருபத்தைந்து தொழிலாளர்களுக்கு ஒரு கண்காணிப்பாளர்.

உயிர்நாடி இதுவே என்பேன். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகக் குழு வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் டார்கெட் முடியாத பெண் மிஷினை விட்டு எழுந்து, அத்தனை பேர் பார்க்க, ஆபீஸ் அறைக்கு நடக்க வேண்டியிருக்கிறது. அந்த நடைக்கு அஞ்சியே எத்தனையோ புகார்கள் வயிற்றுக்குள் போய்விடுகின்றன. இங்கே புகாரைக் கேட்கும் கண்காணிப்பாளர் அதே தளத்தில், அதே சத்தத்துக்குள் தைத்துக்கொண்டிருப்பவர். சங்கம் தேர்ந்து பயிற்சி கொடுத்த தொழிலாளி. சாப்பாட்டு நேரத்தில் காதோடு சொன்னால் போதும். “பீஸ் வரலன்னா வீட்டுக்குப் போ” என்ற அதட்டலையும் சொல்லலாம். அது பெரிதாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் ஆண்டில் 185 குறைகள் வந்தன, 182 தீர்ந்தன. 185 என்ற எண்ணை ஆலையின் கேடாகப் பார்ப்போர் உண்டு. எனக்கு அது வாய் திறந்ததன் கணக்கு.

பழிவாங்கல் கூடாது.

வேலையை விட்டு நிறுத்துவது மட்டும் பழிவாங்கல் அன்று. கடினமான ஆபரேஷனுக்கு மாற்றுவது, ஓ.டி. தராதது, லீவு மறுப்பது எல்லாம் இதில் அடங்கும் என்று கொள்ளாவிட்டால் இந்த வரிக்குப் பொருளே இல்லை.

இனி எல்லை. ஒப்பந்தம் ஒரு நிறுவனத்தின் ஆலைகளையே கட்டுப்படுத்தும். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பு மில்களுக்கு விடிகாலையில் வேன் ஏறும் மற்ற பெண்களுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளகக் குழுவும் உண்டு. பத்துப் பேருக்கும் குறைவான பட்டறைகளில் இருப்போருக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு உண்டு. இருபத்தைந்தாவது ஆளாகப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவர் அவர்களுக்கு இன்னும் இல்லை.