மூல ஒலிக்கு விசுவாசம்: பிரிட்டனின் ஹை-ஃபை தொழில், 1945–1981

வீட்டில் இசை கேட்பதற்கென்றே நுட்பமாகச் செய்யப்பட்டு உயர்ந்த விலைக்கு விற்கப்படும் ஒலிக்கருவிகளைப் பற்றிய இன்றைய பேச்சில் விலையும் மரவேலைப்பாடும் முன்னே வந்து நிற்கின்றன; ஆயினும் இத்தொழில் செல்வர்களின் வரவேற்பறையில் பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து, உணவுக்கும் துணிக்கும் பங்கீட்டு முறை இன்னும் நீங்காதிருந்த பிரிட்டனில், பகலில் வால்வு (வெற்றிடக் குழாய்) செய்யும் கம்பெனியிலோ வானொலித் தொழிற்சாலையிலோ வேலை பார்த்துவிட்டு இரவில் சமையலறை மேசையில் பற்றவைப்புக் கோலுடன் அமர்ந்த மனிதர்களிடையே அது உருவாயிற்று. 'ஹை ஃபிடெலிட்டி' என்ற தொடர் 1930களிலேயே புழங்கிய ஒன்று. பின்னர் 'ஹை-ஃபை' எனச் சுருங்கிய அத்தொடரில் உள்ள ஃபிடெலிட்டி என்னும் சொல் விசுவாசத்தைக் குறிப்பது. எதற்கு விசுவாசம் என்ற வினாவுக்கு அந்தத் தலைமுறை கொண்டிருந்த விடையில் ஐயமே இல்லை: மைக்கின் துணையின்றி அரங்கில் இசைக்கப்பட்டு, நேரே செவியில் விழுந்த இசைக்கு. இத்தொழிலின் நல்ல பகுதி முழுவதும் அந்த அளவுகோலிலிருந்து வந்தது. அளவுகோல் தளர்ந்த இடங்களில்தான் விலை அதன் இருக்கையில் அமர்ந்தது.

போருக்கு முன்பே அடிப்படைக் கண்டுபிடிப்புகள் பலவும் நிகழ்ந்துவிட்டன. காகிதக் கூம்பின் கழுத்தில் கம்பிச்சுருளைக் கட்டி, அதை ஒரு காந்தத்தின் இடைவெளியில் அசையவிட்டு மின் அலையை ஒலியாக மாற்றும் ஸ்பீக்கரின் வடிவை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925இல் வகுத்தனர்; இன்றும் உலகின் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அவ்வழியிலேயே இயங்குகின்றன. இரண்டு தடங்களில் ஒலியைப் பதிந்து, கேட்பவர் முன் இசைக்கலைஞர்களை அவரவர் இடத்தில் அமர்த்திக் காட்டும் ஸ்டீரியோ முறைக்கு, இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931இல் காப்புரிமை கோரினார். 1942இல் ரேடார் சோதனை விமானம் ஒன்று விழுந்து அவர் இறந்தபோது அவருடைய ஸ்டீரியோ வீடுகளை எட்டியிருக்கவில்லை. அரக்கால் செய்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அக்கால இசைத்தட்டு இரைச்சல் மிகுந்ததாகவும் உயர்ந்த ஸ்வரங்களின் நுண்மையை இழந்ததாகவும் இருந்தது. அதை மாற்றியது போர்தான். கடலடியில் செல்லும் கப்பல்களின் ஒலியைச் செவியால் பிரித்தறியும் பயிற்சிக்காக டெக்கா நிறுவனத்தில் ஆர்தர் ஹேடியின் குழு துல்லியமான ஒலிப்பதிவு முறையொன்றை வகுத்தது. ஏறத்தாழ 14,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத் தட்டில் ஏற்றிய அதே முறை, போர் ஓய்ந்ததும் இசைக்குத் திரும்பியது. தட்டில் இத்தனை நுட்பம் ஏறிய பிறகு, அதை வீட்டில் மீட்டெடுக்கும் கருவி இல்லாதது பெருங்குறையாகத் தோன்றலாயிற்று.

குறையின் முதல் இடம் ஆம்ப்ளிஃபயர், அதாவது ஊசியிலிருந்து வரும் மிக மெல்லிய மின் அலையை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு வலுப்படுத்தும் கருவி. வலுப்படுத்தும்போது மூல அலையில் இல்லாத ஸ்வரங்களைக் கருவி தானாகச் சேர்த்துவிடும். அதற்குத் திரிபு என்று பெயர். தொலைபேசிக் கம்பிகளில் இதே துன்பத்தை அனுபவித்த பெல் ஆய்வகத்தின் ஹாரால்ட் பிளாக் 1927இல் ஒரு தீர்வு கண்டிருந்தார்: வெளிவரும் அலையின் ஒரு பங்கைத் தலைகீழாக்கி நுழைவாயிலுக்கே திருப்பி அனுப்பினால், கருவி சேர்த்த பிழை தன்னைத்தானே கழித்துக்கொள்ளும். எதிர்ப்பின்னூட்டம் எனப்படும் இம்முறையைப் பயன்படுத்தி, லண்டனின் ஹாரால்ட் லீக் 1945இல் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயருக்கு 'பாயிண்ட் ஒன்' என்று பெயரிட்டார், திரிபு 0.1 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியே அந்தப் பெயர். பொருளின் பெயராகவே ஓர் அளவை எண்ணை வைத்த அந்தத் துணிவு, வாங்குபவரைக் கணக்குத் தெரிந்தவராக மதித்த ஒரு காலத்தின் அடையாளம்.

இரண்டாண்டுகளுக்குப் பின், 1947 ஏப்ரல், மே மாதங்களில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் டி.டி.என். வில்லியம்சன் என்ற இளம் பொறியாளர் தம் ஆம்ப்ளிஃபயரின் முழு வரைபடத்தையும் வெளியிட்டார். 15 வாட் ஆற்றலும் 0.1 விழுக்காட்டுக்குள் அடங்கிய திரிபும் கொண்ட அக்கருவியின் உயிர், வால்வுகளையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் மின்மாற்றியில் இருந்தது. கம்பிச்சுற்றுகளைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒன்றனிடையே ஒன்றாக அடுக்கிச் சுற்றாவிட்டால், திருப்பி அனுப்பப்படும் அலை காலம் தவறி வந்து, பிழையைக் கழிப்பதற்கு மாறாகக் கருவியையே ஊளையிட வைத்துவிடும். வில்லியம்சன் எதையும் மறைக்கவில்லை. லண்டனின் லைல் தெருவில் மலிவாகக் கிடைத்த போர்க்கால மிச்சப் பொருள்களை வாங்கி, அந்த வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணற்றோர் வீட்டிலேயே அதைக் கட்டினர். அட்லாண்டிக்கின் மறுகரையிலும் அதுவே நடந்தது. ஒரு கலையின் மிக உயர்ந்த தரம் முதலில் விலைக்கு வராமல் வரைபடமாக, பொதுச்சொத்தாக வந்தது என்பது இத்துறையின் வரலாற்றில் போதிய மதிப்புப் பெறாத செய்தி.

ஆம்ப்ளிஃபயரின் நேர்மையை எண்ணால் சொல்ல முடிந்தது. ஸ்பீக்கரின் நேர்மையை அவ்வாறு சொல்ல முடியவில்லை. எனவே அதற்குச் செவியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது. யார்க்ஷையரின் துணி வணிகத்தில் வாழ்க்கையைத் தொடங்கி, 1932இல் தம் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்யப் புகுந்து, வார்ஃப்டேல் நிறுவனத்தை வளர்த்த கில்பர்ட் பிரிக்ஸ், பியானோவின் மீது தீராத காதல் கொண்டவர். சாதாரண வாசகருக்குப் புரியும் நடையில் ஸ்பீக்கரைப் பற்றி நூல் எழுதியவர். 1954 நவம்பரில் அவர் லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலை வாடகைக்கு எடுத்து, ஏறத்தாழ 3,000 பேர் நிறைந்த அவையில், மேடையில் கலைஞர் நேரில் வாசிப்பதையும் அதே இசையின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்தார். வீட்டுக்கென்று செய்த ஸ்பீக்கரை அத்தனை பெரிய அரங்கில் உயிருள்ள இசைக்கு அருகே நிறுத்துவது, தோற்றால் தொழிலே போய்விடும் என்ற நிலையில் எடுத்த முடிவு. மறு ஆண்டு நியூயார்க்கின் கார்னெகி ஹாலிலும் அவர் இதைச் செய்து காட்டினார்.

ஃபெஸ்டிவல் ஹாலில் பிரிக்ஸுக்குத் துணை நின்ற பீட்டர் வாக்கரே இந்த வரலாற்றின் மைய மனிதர். 1936இல் பொது மேடைகளுக்கான ஒலிபெருக்கிக் கருவிகள் செய்யத் தொடங்கி, லண்டன் குண்டுவீச்சுக்குப் பின் ஹண்டிங்டன் என்ற சிற்றூருக்குப் பட்டறையை மாற்றிய அவர், ஓய்வு நேரத்தில் புல்லாங்குழல் வாசிப்பவர். அவருடைய நிறுவனத்தின் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் அமைந்த 'குவாட்' என்ற பெயர், நாளடைவில் நிறுவனத்தின் பெயராகவே ஆயிற்று. 'மூல ஒலிக்கு மிக நெருக்கமாக' என்ற பொருள்படும் வாசகம் அவருடைய விளம்பரங்களில் இடம்பெற்றது. விளம்பர வாசகங்களில் இத்தனை நேரான பொருளுடையது அரிது.

காகிதக் கூம்பின் அடிப்படைக் குறையை வாக்கர் நன்கறிந்திருந்தார். கூம்பின் கழுத்தை மட்டுமே காந்தம் தள்ளுகிறது. மீதிப் பரப்பு அந்தத் தள்ளலைத் தாமதமாகவும் வளைந்து நெளிந்தும் பின்தொடர்கிறது. அலை நின்ற பிறகும் கூம்பும் பெட்டியும் சற்றுநேரம் தாமாக முனகிக்கொண்டிருக்கின்றன. பரப்பு முழுவதையும் ஒரே சமயத்தில் ஒரே விசையுடன் தள்ள முடிந்தால் இந்த முனகல் இராது. துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலமொன்றைத் தொங்கவிட்டு, படலத்தில் சில ஆயிரம் வோல்ட் மின்னேற்றத்தை நிறுத்தி, தகடுகளுக்கு இசையின் மின் அலையை ஊட்டினால், மின்புலம் படலத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஒன்றாக இழுத்துத் தள்ளும். நிலைமின் ஸ்பீக்கர் எனப்படும் இதன் தத்துவம் பழையது. ஆனால் படலத்தின் மின்னேற்றம் இங்குமங்கும் ஓடினால் விசை சீர்கெடும் என்பதால், மின்சாரம் எளிதில் நகர முடியாத உயர்தடைப் பூச்சை அதன்மேல் இடுவதே வெற்றியின் சூட்சுமமாக அமைந்தது. 1955இல் வாக்கர் இவற்றையெல்லாம் 'வயர்லெஸ் வேர்ல்ட்' கட்டுரைகளில் விளக்கிவிட்டு, 1957இல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

சற்றே வளைந்த வெண்கல நிற வலைமுகத்துடன், அறையைச் சூடாக்கும் மின் அடுப்பைப் போலத் தோன்றிய அந்த ஸ்பீக்கருக்குப் பெட்டி என்பதே இல்லை. அதன் குறைகள் மெய்யானவை: ஆழ்ந்த மந்தர ஒலி குறைவு, அளவுமீறிய ஆற்றலைச் செலுத்தினால் தகடுகளுக்கிடையே தீப்பொறி பாய்ந்து படலம் பொசுங்கும், நேரெதிரே அமர்ந்தவருக்கே அது முழு அழகையும் காட்டும். ஆனால் மனிதக் குரலிலும் வயலினிலும் அது காட்டிய தெளிவை அக்காலத்தின் வேறெந்த வீட்டு ஸ்பீக்கரும் எட்டவில்லை, இன்று செய்யப்படும் பலவும் எட்டுவதில்லை. 1985 வரை, 28 ஆண்டுகள், அது உற்பத்தியில் நீடித்தது.

தட்டைச் சுழற்றும் கருவியின் கதை இவ்வளவு தத்துவம் கொண்டதன்று. 1948இல் நெடுநேர இசைத்தட்டும் 1958இல் ஸ்டீரியோத் தட்டும் வந்த அக்காலகட்டத்தில், ஸ்விண்டன் நகரின் காரார்டு நிறுவனம் கனத்த வார்ப்புடலில் செய்த 301 சுழல்மேசையும், சிறுமாதிரிப் பொருள்கள் செய்துவந்த அலஸ்டர் ராபர்ட்சன்-எய்க்மன் தம் சொந்த உபயோகத்துக்காகச் செய்து 1959இல் விற்பனைக்கு விட்ட எஸ்.எம்.இ. ஊசிக்கையும் துல்லியமான இயந்திர வேலைக்கு எடுத்துக்காட்டுகளாயின.

இத்தொழிலின் இன்னொரு நீதிமன்றம் பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆய்வுத் துறையாகும். அங்கே ஷார்ட்டரும் ஹார்வுட்டும் நடத்திய சோதனைமுறை எளிமையானது, ஆனால் இரக்கமற்றது: அடுத்த அறையில் பழகிய ஒருவர் பேசுவதை நேரில் கேட்டுவிட்டு, உடனே கட்டுப்பாட்டு அறையின் ஸ்பீக்கரில் அதே குரலைக் கேட்பது. இசைக்கருவியின் ஒலியில் சிறு பொய்யை மனம் மன்னித்துவிடும், தெரிந்த மனிதரின் குரலில் மன்னிக்காது. ஒலிப்பதிவுக் கூடங்களை எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிகளாகச் செய்து ஆராய்வதற்காக உருவான சிறு ஸ்பீக்கர் ஒன்று எதிர்பாராத நேர்மையுடன் ஒலித்ததிலிருந்து, 1970களின் தொடக்கத்தில் எல்.எஸ்.3/5ஏ பிறந்தது. வெளியிட ஒலிபரப்பு வண்டியின் நெருக்கடியில் வைப்பதற்கென்று, 30 சென்டிமீட்டர் உயரத்தில் அது ஒட்டுப்பலகையால் செய்யப்பட்டது; அதன் சுவர்கள் வேண்டுமென்றே மெல்லியவை. கனத்த சுவர் செவிக்கு உறுத்தலான இடத்தில் அதிரும், மெல்லிய சுவரின் உட்புறம் அதிர்வை விழுங்கும் பூச்சிட்டால் அந்த அதிர்வு அடங்கிவிடும் என்பது பி.பி.சி. பொறியாளர்களின் முடிவு. ஸ்பீக்கர் உறுப்புகளை, பிரிக்ஸிடம் பணியாற்றிய ரேமண்ட் குக் 1961இல் மெய்ட்ஸ்டோனில் நிறுவிய கெஃப் நிறுவனம் வழங்கியது. உரிமம் பெற்ற ரோஜர்ஸ் முதலிய நிறுவனங்கள் அதை வெளியாருக்கும் விற்றன. பொதுமக்களின் பணத்தில் பொது ஒலிபரப்பு நிறுவனம் ஒன்றின் தேவைக்காக வகுக்கப்பட்ட கருவி, தோக்கியோவிலும் ஹாங்காங்கிலும் இசைரசிகர்கள் தேடி அலையும் பொருளாயிற்று.

இதே 1970களில்தான் வழி இரண்டாகப் பிரிந்தது. கிளாஸ்கோவின் லின் நிறுவனம், தட்டிலிருந்து எடுக்கும் இடத்தில் இழந்ததை ஸ்பீக்கர் திருப்பித் தர முடியாது என்று வாதிட்டு, சுழல்மேசையைக் கருவிச் சங்கிலியின் தலையில் வைத்தது. அளவீட்டை விடக் காதில் கேட்ட தாளப் பிடிப்பே உரைகல் என்றது. அமெரிக்காவில் 1973இல் ஹாரி பியர்சன் தொடங்கிய இதழ், மின்னொலியில்லா உயிரிசையையே அளவுகோலாக அறிவித்தபோதிலும், தீர்ப்பைத் தனி விமர்சகரின் சொல்வளத்திடம் ஒப்படைத்தது. இதற்கு எதிர்முனையில் குவாட், தன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரையும் பின்னாளைய இரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களையும் எது எதுவென்று சொல்லாமல் அனுபவமுள்ள செவிகளுக்குக் கேட்கச் செய்யும் சோதனைக்கு 1978இல் ஏற்பாடு செய்தது. ஜேம்ஸ் மாய்ர் நடத்திய அச்சோதனையில் கேட்டவர்களால் அவற்றை வேறுபடுத்த இயலவில்லை. தன் புதிய பொருள் பழையதை விட மேலாகக் கேட்கும் என்று சொல்லவேண்டிய ஒரு விற்பனையாளர், வேறுபாடு கேட்காது என்று தாமே மெய்ப்பித்துக் காட்டியதற்கு இணையான நேர்மை இத்தொழிலில் குறைவு. எனினும் சந்தை மற்றப் பக்கமே சாய்ந்தது. கம்பிகளும் தாங்கிகளும்கூடத் தனித்தனி விலைப்பட்டியல் பெற்றன.

1963இல் தொடங்கிய ஆராய்ச்சியின் ஆண்டையே பெயரில் தாங்கி, 1981இல் வாக்கரின் இரண்டாம் நிலைமின் ஸ்பீக்கர் வெளிவந்தது. தகட்டின் மின்வாய்களை ஒரே மையமுள்ள வளையங்களாகப் பிரித்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒவ்வொன்றுக்கும் அலையைச் சற்றே தாமதமாகச் செலுத்தியதால், குளத்தில் கல் விழுந்த இடத்திலிருந்து வளையங்கள் விரிவதைப் போல, ஒலி படலத்துக்குப் பின்னே 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து புறப்படுவதாகச் செவி உணர்ந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானில் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது.

இதற்கு வெகுமுன்பே பிரிக்ஸ் 1958இலும், லீக் 1969இலும் தம் நிறுவனங்களை ராங்க் குழுமத்துக்கு விற்றனர். ஒரே மேடையில் நின்ற வாக்கர், பிரிக்ஸ் இருவரின் நிறுவனப் பெயர்களும் 1990களின் இறுதியிலிருந்து ஒரே உரிமையாளரிடம் இருக்கின்றன. அவை தாங்கிய கருவிகள் சீனத்தில் செய்யப்படுகின்றன. 1957ஆம் ஆண்டின் ஸ்பீக்கருக்குரிய படலங்களையோ, ஹண்டிங்டனின் பழைய எந்திரங்களைக் கொண்டு சென்ற ஜெர்மானியப் பட்டறை ஒன்று புதிதாக இழுத்துக் கட்டித் தந்துவருகிறது.